ஏழாவது படி ஸ்டாப்பிங்

டிரைவர்: ...இருநூத்துப் பன்னெண்டு. எழுதிக்குங்க.

பிசியோ: நாற்காலியிலேருந்து எழுந்து உட்காருற பயிற்சி... ஒரே நாள்ல இருநூத்துப் பன்னெண்டு தடவையா ஐயா?

டிரைவர்: நடுவுல ரெண்டு தடவை தண்ணி குடிக்க எழுந்தேன். அதைச் சேர்க்கல. நியாயம் நியாயம்தான்.

பிசியோ: சரி. ஐம்பத்தி மூணு.

டிரைவர்: பாத்தியாடி இவளே! மறுபடியும் நாலால வகுத்துட்டாங்க!

பிசியோ: ஏழு மாசமா உங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நீங்க சொல்றதை நாலால வகுத்தாத்தான் பூமிக்கு வருது.

டிரைவர்: அது தெரிஞ்சுதானே நான் நாலால பெருக்கிச் சொல்றேன்.

பிசியோ: அப்போ நிஜக் கணக்கு?

டிரைவர்: ஐம்பத்தி மூணு.

டிரைவரம்மா: நாப்பது. நான் காய் நறுக்கிக்கிட்டே எண்ணினேன்.

டிரைவர்: கட்டின பொண்டாட்டியே காட்டிக் கொடுத்தா நான் எங்க போய் முட்டிக்குவேன்?

பிசியோ: நாப்பதே பெருசு ஐயா. வந்த புதுசுல ரெண்டு பேர் தூக்கிப் புடிச்சாலும் சாக்கு மூட்டை மாதிரி சரிஞ்சீங்க.

டிரைவர்: நானா சரிஞ்சேன்? இந்த இடது கால்தான். அன்னிக்குக் காலையில பல் விளக்கிட்டு இருக்கேன், சொல்லாம கொள்ளாம வேலைநிறுத்தம் பண்ணிருச்சு. கையும் கூடச் சேர்ந்துக்கிச்சு. வாய் வேற ஒரு பக்கமாப் போச்சு...

டிரைவரம்மா: வாய்தான் ரெண்டாவது வாரமே சரியாப் போச்சே. அங்க மட்டும் கடவுள் அவசரப்பட்டுட்டார்.

டிரைவர்: செக்கிங்கம்மா, இதை நோட்டுல எழுதுங்க. நோயாளியை மனம் நோகப் பேசுறா.

பிசியோ: எனக்கு ஏன் இந்தப் பேர் வெச்சீங்கன்னு இன்னும் புரியல.

டிரைவர்: முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். வண்டி நல்லாப் போயிட்டு இருக்கும்போது கையைக் காட்டி நிறுத்தி, நோட்டைத் திறந்து, மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்கிட்டுக் கேள்வி கேக்கிறவங்களுக்கு என்ன பேரு? செக்கிங்! இப்ப உங்க மூஞ்சியைப் பாருங்க.

பிசியோ: இது சிரிப்பை அடக்குற மூஞ்சி. அம்மா, உங்க முட்டிக்கு நான் சொன்ன பயிற்சி என்னாச்சு?

டிரைவரம்மா: செய்யறேன், செய்யறேன்.

டிரைவர்: மனசுக்குள்ள செய்யறா. வலது முட்டி நடக்கிறப்ப கடக் கடக்குன்னு சத்தம் போடும். பூனைக்கு மணி கட்டின மாதிரி. அவ எங்க இருக்கான்னு எனக்கு எப்பவும் தெரியும்.

டிரைவரம்மா: ரொம்பத்தான் தெரியும்!

பிசியோ: நோட்டை மூடுறேன். இன்னிக்கு எதுக்கு வீட்டுக்கே வந்திருக்கேன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கில்ல?

டிரைவரம்மா: ராத்திரி பூரா அதே ஞாபகம்தாம்மா. வீட்டுச் சொந்தக்காரர் அஞ்சு மணிக்கு வந்து கேப்பார். மேல் வீட்டுக்குத் திரும்பிப் போறீங்களா, இல்ல வேற ஆளுக்கு விடட்டுமான்னு. நல்ல மனுஷன், ஏழு மாசமா இந்தக் கீழ் ரூமைக் கொடுத்து வெச்சிருக்கார். இனிமேலும் காத்திருக்கச் சொன்னா நல்லாவா இருக்கும்?

பிசியோ: பதினாலு படி. ஏறணும், இறங்கணும். பத்திரமா முடிச்சா கையெழுத்துப் போடுவேன். இல்லேன்னா உங்க பையன் சொன்னபடி...

டிரைவர்: அவன் வீட்டுக்கு. நல்ல பையன், தங்கமான மருமக. குத்தம் சொன்னா நாக்கு அழுகும். ஆனா எங்களுக்குக் கொடுக்கிற ரூம் இருக்கே... ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினா சுவருக்கு முதுகு சொறிஞ்சு விடலாம்.

பிசியோ: இங்க மேல என்ன தெரியுமாம்?

டிரைவர்: பஸ் ஸ்டாண்ட்! முழு பஸ் ஸ்டாண்ட்! நான் ஜன்னல்ல நின்னு பாக்காததால ஏழு மாசமா ஊர்ல ஒரு வண்டிகூட நேரத்துக்குக் கிளம்பலையாம்.

டிரைவரம்மா: யாரு சொன்னா?

டிரைவர்: யாரும் சொல்லல. வருத்தப்படுவேன்னு மறைச்சிருப்பாங்க.

பிசியோ: வாங்க, கிளம்பலாம். பயமா இருக்கா?

டிரைவர்: பயமா? பதினாலு படிதானே! இந்தப் பத்து நாள்ல ஒன்பது தடவை ஏறி இறங்கிட்டேன்.

டிரைவரம்மா: கேளுங்கம்மா கூத்தை! ஒன்பது தடவையாம்! ஹஹ்ஹா... கொசு காலைத் தூக்கி யானையை உதைச்சுதாம்!

பிசியோ: நீங்க இவ்வளவு சத்தமாச் சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா.

டிரைவரம்மா: சிரிப்பு வந்தா... சிரிக்க வேண்டியதுதானே.

டிரைவர்: திங்கக்கிழமை கிளினிக்ல உங்ககிட்ட நேர்மையாச் சொன்னேன்ல செக்கிங்கம்மா, பதினாலு படி ஏறினேன்னு? பெருக்காம சொன்னேன்! நீங்க என்ன எழுதினீங்க?

பிசியோ: மூணரை.

டிரைவர்: அரைப் படியை மனுஷன் எப்படிங்க ஏறுவான்? ஒத்தைக் கொக்கு மாதிரி காலைத் தூக்கிக்கிட்டு அந்தரத்துல நின்னேனா?

பிசியோ: ஐயா, விளையாட்டு போதும். நான் பக்கத்துல இல்லாம படியில காலே வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். ஒரு தடவை விழுந்தா இடுப்பெலும்பு போயிடும். நிஜமாவா ஏறினீங்க?

டிரைவர்: ...பொய்தான். வகுத்துக்குங்க.

பிசியோ: அப்பாடா. இந்தப் பட்டையை இடுப்புல கட்டுறேன். பின்னாடி நான் புடிச்சிருப்பேன். கணுக்கால் பட்டை இறுக்கமா இருக்கா? ஏறும்போது எந்தக் கால் முதல்ல?

டிரைவர்: வலது கால். நல்ல கால். அப்புறம்தான் மாப்பிள்ளை.

பிசியோ: யாரு?

டிரைவரம்மா: இடது காலுக்கு அப்படித்தான் பேர் வெச்சிருக்கார். தானா வராது, முறுக்கிக்கிட்டு நிக்கும், ஒவ்வொரு அடிக்கும் தனியா அழைக்கணும்னு.

டிரைவர்: இடது கை சம்பந்தி. வருவார், ஆனா வந்த இடத்துல ஒரு வேலை செய்யமாட்டார்.

பிசியோ: சம்பந்திதான் நேத்து பத்துத் துணி கிளிப்பைக் கயித்துல மாட்டினாரே?

டிரைவர்: நாப்பது.

பிசியோ: பத்து! அம்மா, நீங்க கீழயே நில்லுங்க. உங்க முட்டியை வெச்சுக்கிட்டு படியெல்லாம் வேண்டாம்.

டிரைவர்: ...அவ வரலையா?

பிசியோ: நான் ஒருத்தி போதாதா? ஏன் ஐயா, கட்டில்ல கிடக்கிற தலையணையைப் பாக்கிறீங்க?

டிரைவர்: ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளா இதுல எப்பப் பாரு சுண்ணாம்பு ஒட்டியிருக்கு. படிச் சுவர்ல அடிச்சிருக்கிற அதே சுண்ணாம்பு.

டிரைவரம்மா: வயசானா தலையிலேருந்து என்னென்னமோ உதிரும். நடங்க பேசாம!

பிசியோ: ம்... இதுதானா படி? நேரா ஒரே ஏத்தம். கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கு, ஏறும்போது வலது கைப் பக்கம். நல்லது. மேல கதவுக்குப் பக்கத்துல என்ன அது... பஸ் கண்ணாடியா?

டிரைவர்: என் வண்டிக் கண்ணாடி! ரிட்டயர் ஆன அன்னிக்கு டிப்போவுல என்ன வேணும்னு கேட்டாங்க. மத்தவன் எல்லாம் கைக்கடிகாரம் கேப்பான். நான் அதைக் கேட்டேன். நாலு பேர் சேர்ந்து கழட்டினாங்க, மூணு பேர் அழுதாங்க.

டிரைவரம்மா: கழட்டினது இவர்தான். அழுததும் இவர்தான். யார் படியேறி வர்றாங்கன்னு கதவுகிட்ட நின்னே பாக்கலாம்னு மாட்டினார். ஏழு மாசமாத் துடைக்காம தூசி அடைஞ்சு கிடக்கு. அதுல இப்ப ஒண்ணும் தெரியாது.

டிரைவர்: ...ஆமாமா. ஒண்ணும் தெரியாது.

பிசியோ: கிளம்பலாமா?

டிரைவர்: ரைட் ரைட்! ஒண்ணு. மாப்பிள்ளை, வாங்க... வந்துட்டார். ரெண்டு.

பிசியோ: அவசரமில்ல. முட்டியை மடக்கித் தூக்குங்க, பக்கவாட்டுல சுழட்டாதீங்க. அருமை!

டிரைவர்: மூணு. செக்கிங்கம்மா, அந்த மூளைக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க. கேட்டா மாப்பிள்ளைக்குத் தெம்பு வருது.

பிசியோ: மூளையில ரத்தம் அடைச்ச இடம் அடைச்சதுதான். அந்த ரோடு போச்சு. ஆனா திரும்பத் திரும்ப அதே அசைவைச் செஞ்சா, பக்கத்துல இருக்கிற சந்து பொந்து வழியா மூளை புதுசா ஒரு பாதை போட்டுக்கும்.

டிரைவர்: டைவர்ஷன்! எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் மண்டைக்குள்ள ரோடு வேலை நடக்குதுன்னு. நாலு. ராத்திரியில காதை வெச்சுக் கேட்டா ரோலர் ஓடுற சத்தம்கூடக் கேக்கும்.

டிரைவரம்மா: அது குறட்டை!

டிரைவர்: கீழேருந்து குரல் கொடுக்காதே, டிரைவரோட பேசக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கில்ல? அஞ்சு. வாங்க மாப்பிள்ளை, நாங்க அழைக்காம யார் அழைப்பாங்க... ஆறு.

பிசியோ: அட... ஐயா, என்ன இது! நான் பட்டையை இழுக்கவே இல்லை, சும்மாதான் புடிச்சிருக்கேன். இவ்வளவு நல்லா ஏறுவீங்கன்னு நான்...

டிரைவர்: ஏழு.

பிசியோ: ம், எட்டு... ஐயா? எட்டு. வலது காலைத் தூக்குங்க.

டிரைவர்: இருங்க.

பிசியோ: என்னாச்சு? கால் துவளுதா? தலை சுத்துதா? என்னைப் பாருங்க!

டிரைவர்: ஒண்ணுமில்ல. கண்ணாடியைப் பாத்தேன்.

பிசியோ: எதுக்கு?

டிரைவர்: தலை கலைஞ்சிருக்கான்னு.

பிசியோ: உங்க தலையில முடியே இல்லையே ஐயா!

டிரைவர்: அதான் பாத்தேன். கலையல.

பிசியோ: விளையாடாதீங்க. மணி நாலேமுக்கால். காலை எடுத்து வைக்க முடியுதா, முடியலையா?

டிரைவரம்மா: ஏங்க, போங்களேன்! தினமும் இப்படித்தான் ஏழாவது படியில வந்து மரம் மாதிரி நின்னுக்கிட்டு...

பிசியோ: தினமும்? அம்மா. 'தினமும்'னா என்ன அர்த்தம்?

டிரைவரம்மா: வாய் தவறி... சரிம்மா, திட்டாதீங்க. தினமும் மத்தியானம் ரெண்டரைக்கு இவர் திருட்டுத்தனமா ஏறுறார். நான் கீழ் ரூம் ஜன்னல் வழியாப் பாத்தேன். நாலாவது நாளே எல்லாப் படியும் ஏறிட்டார்.

டிரைவர்: நீ தூங்கிட்டு இருந்தே! குறட்டை விட்டியே!

டிரைவரம்மா: குறட்டை விட்டேன். தூங்கல.

பிசியோ: அப்போ ஒன்பது தடவை ஏறினது நிஜமா? ரெண்டு பேரும் சேர்ந்து என்னை... அய்யோ, நான் மூணரைன்னு எழுதியிருக்கேனே! ஏம்மா, தெரிஞ்சும் தடுக்கலையா? கொஞ்சம் முன்னாடி அப்படி விழுந்து விழுந்து சிரிச்சீங்களே!

டிரைவரம்மா: சொன்னா நீங்க தடுத்துடுவீங்க. இவர்கிட்ட சொன்னா, ஆள் பாக்குதுன்னு தெரிஞ்சதும் கையை விட்டுட்டு சர்க்கஸ் காட்டுவார். யாரும் பாக்கலைன்னாத்தான் இவர் ஒழுங்கா நடப்பார். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தின அனுபவம்மா.

பிசியோ: ரெண்டு பேரையும் அப்புறம் கவனிச்சுக்கிறேன். இப்ப எனக்கு ஒரே கேள்வி. தினமும் இதே இடத்துல நிக்கிறார்னா, ஏழு படிக்கு மேல நிக்காமக் கால் தாங்கலைன்னு அர்த்தம். அப்படின்னா நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?

டிரைவர்: தாங்கும். சாவி எங்க?

பிசியோ: சாவியா?

டிரைவர்: மேல் வீட்டுச் சாவி அவ முந்தானையில இருக்கு. நான் மேல போய்க் கதவை முகர்ந்து பாத்துட்டு வரவா? அவளை ஏறி வரச் சொல்லுங்க.

பிசியோ: அவங்க முட்டிக்கு...

டிரைவர்: மெதுவா வரட்டும். நான் நிப்பேன். அஞ்சு மணி வரைக்கும் நிப்பேன். நாளைக்கு வரைக்கும் நிப்பேன்!

டிரைவரம்மா: வர்றேன், வர்றேன்... இந்த மனுஷனோட... ஸ்ஸ்... ஒரு சாவிக்காக... அம்மாடி...

டிரைவர்: ரெண்டு காலையும் ஒரே படியில வெச்சு வெச்சு வா. ஒண்ணும் அவசரமில்ல.

பிசியோ: ஐயா, திரும்பிப் பாக்காதீங்க, தடுமாறும்.

டிரைவர்: நான் எங்க திரும்பினேன்? நேராத்தானே பாக்கிறேன்.

டிரைவரம்மா: வந்துட்டேன். போங்க இனி.

டிரைவர்: ரைட்! எட்டு!

பிசியோ: மெதுவா... இப்ப மட்டும் எப்படி...

டிரைவர்: ஒன்பது! மாப்பிள்ளை, விருந்து ஆறிடும்! பத்து! பதினொண்ணு! எவன்டா சொன்னான் எனக்குப் பக்கவாதம்னு? எனக்குப் பிடிவாதம்!

டிரைவரம்மா: கத்தாதீங்க, தெருவே பாக்குது!

டிரைவர்: பாக்கட்டும்! பன்னெண்டு... பதிமூணு... சம்பந்தி, நீங்களும் வந்து கதவு நிலையைப் புடிங்க... புடிச்சுட்டார் பாருங்க, விரல் நாலும் புடிச்சுட்டார்! பதினாலு!

பிசியோ: பதினாலு ஐயா! பதினாலு!

டிரைவர்: நீங்க ஏன் அழறீங்க?

பிசியோ: சுண்ணாம்புத் தூசி.

டிரைவர்: தலையிலேருந்து உதிருதோ?

டிரைவரம்மா: நகருங்க, கதவைத் திறக்கிறேன்... அடக் கடவுளே, காலண்டர் அன்னிக்குக் கிழிச்ச தேதியிலேயே நிக்குது. பல் விளக்கிட்டு அப்படியே வெச்ச டம்ளர்...

டிரைவர்: ஜன்னலைத் திற! ஜன்னலைத் திற! ...அதோ! பன்னெண்டாம் நம்பர் வண்டி! நாலு அம்பதுக்குப் போகணும், இன்னும் நிக்கிறான் பாரு! டேய், எடுடா வண்டியை!

பிசியோ: எடுத்துட்டான் ஐயா!

டிரைவர்: பின்ன?

பிசியோ: இறங்கணும், அதுதான் கஷ்டமான பாதி. இறங்கும்போது கைப்பிடி உங்க இடது பக்கம் வரும். சம்பந்தி இன்னும் உடம்பு பாரத்தைத் தாங்கமாட்டார். அதனால...

டிரைவர்: ரிவர்ஸ்.

பிசியோ: அதையேதான் சொல்ல வந்தேன்! பின்பக்கமா இறங்கினா அதே வலது கை, அதே கைப்பிடி. இடது கால் முதல்ல கீழே. உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

டிரைவர்: சந்துக்குள்ள மாட்டின பஸ்ஸை அரை மைல் பின்னாடியே எடுத்தவன் நான். ரெண்டு பக்கமும் ஒரு நூல் இடைவெளி.

டிரைவரம்மா: அரை மைல் இல்ல, அம்பது அடி. நீங்க போயிட்டு வாங்க. நான் துடைப்பத்தை எடுத்தாச்சு. இனி யார் கூப்பிட்டாலும் கீழே வரமாட்டேன்.

பிசியோ: நான் இன்னும் கையெழுத்தே போடலையேம்மா!

டிரைவரம்மா: நீங்க போடுங்க. நான் பெருக்கிட்டு இருக்கேன்.

டிரைவர்: போலாம், போலாம்... மாப்பிள்ளைக்கு வழி விடுங்க. பதிமூணு... பன்னெண்டு... பதினொண்ணு...

பிசியோ: அழகு. பாதத்தை முழுசாப் பதிச்சுட்டு அப்புறம் அடுத்தது... ஒன்பது... எட்டு... ஏழு. நிக்கணுமா?

டிரைவர்: எதுக்கு நிக்கணும்? ஆறு... அஞ்சு...

பிசியோ: நாலு... மூணு... ரெண்டு... ஒண்ணு. தரை!

டிரைவர்: டயர் தேயல, பெயின்ட் போகல!

பிசியோ: உட்காருங்க, இந்த முதல் படியிலேயே ரெண்டு பேரும் உட்காருவோம். மணி நாலு அம்பத்தாறு. எழுதுறேன்... ஏறினது பதினாலு. வகுக்காமப் போட்டிருக்கேன், பாத்துக்குங்க. இறங்கினது பதினாலு. பிடிமானம் நல்லது. 'வழியில் நின்றாரா?'... ஆம். 'காரணம்?'

டிரைவர்: காத்து வாங்கினேன்னு போடுங்க.

பிசியோ: ஐயா.

டிரைவர்: படியில ஒரு பூனை. நல்ல பூனை. மரியாதைக்கு நின்னேன்.

பிசியோ: ஐயா! கஷ்டமான இறக்கத்துல நிக்காத ஆள், ஏறும்போது தினமும் ஒரே படியில நிக்கிறார். அது கால் பலவீனமா, மூச்சுத் திணறலா, வேற என்னவா... தெரியாம உங்களை இந்தப் படிக்கு மேல குடிவெச்சா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தூங்க முடியுமா? சாவின்னு சொன்னீங்க. தினமும் சாவிக்கா நின்னீங்க?

டிரைவரம்மா: வீட்டுக்காரர் தெருமுனையில வர்றார்! ஏங்க, ஆயுசுல ஒரு தடவை உள்ளதைச் சொல்லித் தொலைங்களேன்! எதுக்குத்தான் அங்க நின்னீங்க?

டிரைவர்: பெருக்கிட்டு இருக்கேன்னியே, மேலேருந்து எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறே?

பிசியோ: நாலால வகுக்க வேண்டாத பதிலாச் சொல்லுங்க ஐயா. பேனாவைத் திறந்து வெச்சிருக்கேன்.

டிரைவர்: சரி. டிரிப் ஷீட்டுல எழுதுற மாதிரியே சொல்றேன், அப்படியே எழுதிக்குங்க. ஒன்பது நாளும் மத்தியானம் ரெண்டரை வண்டி. ஏழாவது படி, ஸ்டாப்பிங். அங்க வந்தாத்தான் கண்ணாடியில பின்பக்கம் பளிச்சுன்னு தெரியும், முதல் நாளே நீளக் குச்சியில துணியைச் சுத்தி எட்டித் துடைச்சு வெச்சுட்டேன். ஏற வேண்டிய ஆள், ஒருத்தர். நான் விழுந்தாத் தாங்கிக்கலாம்னு மூச்சை அடக்கிக்கிட்டு, சுவரோட ஒட்டி ஒட்டி வர்ற ஆள். வலது முட்டி வலி, அதனால கொஞ்சம் மெதுவாத்தான் வரும். லக்கேஜ், ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்ச ஒரு தலையணை. ஆள் வந்து சேராம நான் என்னைக்குங்க வண்டியை எடுத்திருக்கேன்?